இடுப்பெலும்பு ஆபரேஷன்: முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

தாராபுரத்துக்காரன் | சனி, இரவு 7:40

என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, 81 வயது. போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலையில் வாசல் தெளிக்கப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் ஒடிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முழு மயக்கம் கொடுத்துப் பந்தை மாற்றினார்கள். தையல் ஆறியது, இப்போது நடக்கவும் செய்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி அவர் அவராக இல்லை. "எருமைக்குத் தண்ணி காட்டினயாடா?" என்று என்னைக் கேட்டார். நாங்கள் எருமையை விற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கினார், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார், கடைசியில் இரண்டு கையையும் கட்டிப்போட்டார்கள். நாலு நாள் அப்படி. வீட்டுக்கு வந்த பிறகும் பழைய ஆள் முழுசாகத் திரும்பவில்லை. பால் சொசைட்டிக் கணக்கை வாயாலேயே போட்டவர், இப்போது பத்து ரூபாய் நோட்டுக்கும் ஐம்பது ரூபாய் நோட்டுக்கும் தடுமாறுகிறார்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு 84 வயது, அதே முறிவு. அவருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்துச் செய்தார்கள். மறுநாள் காலையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அதனால்தான் சொல்கிறேன். வயசானவர்களுக்கு ஆபரேஷன் என்றால் முழு மயக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பைனல், அதாவது அந்த முதுகு ஊசிதான் வேண்டும் என்று கையெழுத்துப் போடும் முன்னாலேயே பிடிவாதமாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அந்த வெசனம் இன்னும் போகவில்லை.

பவானிக்கரை | சனி, இரவு 8:22

தம்பி, நான் மயக்க மருந்து மருத்துவர். ஈரோடு, பவானி, பெருந்துறை என்று பதினாறு வருஷமாக இதுதான் வேலை. அமுச்சிக்கு வந்ததை டெலிரியம் என்போம். திடீரென்று வருகிற மனக்குழப்பம். நீங்கள் கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவே இல்லை. ஆனால் முழு மயக்கம்தான் அதற்குக் காரணம் என்ற முடிவு தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நானும் ரொம்ப காலம் உங்களைப் போலத்தான் நம்பினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த நம்பிக்கையை ஆட்டியது 2021-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ரீகெய்ன் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகள், இடுப்பெலும்பு ஒடிந்த 1,600 பேர், எல்லோரும் 50 வயதுக்கு மேல். யாருக்கு ஸ்பைனல், யாருக்கு முழு மயக்கம் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, வீட்டுக்காரர்களும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்தார்கள். 60 நாள் கழித்து, இறந்தவர்களும் பத்தடி தூரம்கூடத் தானாக நடக்க முடியாதவர்களும் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். ஸ்பைனல் போட்டவர்களில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18.0 சதவீதம். டெலிரியம்? ஸ்பைனலில் 20.5, முழு மயக்கத்தில் 19.7.

அதாவது ஸ்பைனல் போட்டவர்களிலும் ஐந்தில் ஒருவர் உங்கள் அமுச்சி மாதிரி எருமையைத் தேடியிருக்கிறார்.

பொள்ளாச்சி மணி | சனி, இரவு 8:51

நான் டாக்டர் பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. என் வீட்டுக்காரிக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன், இரண்டும் முதுகில் ஊசி போட்டுத்தான். இருபது வருஷமாக முதுகுவலி. தேங்காய் மட்டையை அள்ளிப் போட்டால் ராத்திரி படுக்க முடியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்துவதே தப்பு. போன வருஷம் எனக்கு முட்டி ஆபரேஷன் செய்தபோது முழு மயக்கம் கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன்.

பவானிக்கரை | சனி, இரவு 9:10

மணியண்ணா, ஆதரவுக்கு நன்றி. ஆனால் இந்தக் காரணத்தை நான் ஏற்க முடியாது. ஊசி போகிற இடம் தண்டுவடம் முடிந்து அதற்கும் கீழே. குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கும், அது உண்மை. வருஷக்கணக்கான முதுகுவலி ஸ்பைனலால் வருகிறது என்று ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. வயிற்றில் பிள்ளையைச் சுமந்து, பெற்று, இடுப்பில் தூக்கி வைத்து, கூடவே மட்டையும் அள்ளிய முதுகு அது. அக்காவை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். இருபது வருஷம் ஊசியைத் திட்டிக்கொண்டே இருந்ததில் அந்த வலிக்கு வைத்தியமே நடக்காமல் போயிருக்கலாம்.

ஸ்பைனலால் வருவது தலைவலி. அதுவும் இளம் பெண்களுக்குத்தான் அதிகம், முதியவர்களுக்குக் குறைவு. ஊசி முனையைப் பொறுத்தது அது. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், பழைய வெட்டுமுனை ஊசியால் 100 பேரில் 11 பேருக்குத் தலைவலி, பென்சில் முனை ஊசியால் சுமார் 4 பேருக்கு. கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளை எண்ணி 2009-ல் வெளியிட்டார்கள். எவ்வளவு மோசமாகக் கணக்குப் போட்டாலும் நிரந்தர பாதிப்பு லட்சத்துக்கு 4.2 பேருக்குத்தான். ஆகவே ஸ்பைனல் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. வாரத்தில் முக்கால்வாசி நாள் அதைத்தான் போடுகிறேன்.

கோபி அம்முணி | சனி, இரவு 10:05

டாக்டர் சாருக்கு வணக்கம். மருத்துவப் புள்ளியியல் படித்தவள் நான், அந்த ஆய்வை முழுசாகப் படித்திருக்கிறேன். நீங்கள் சொன்ன எண்கள் சரி. அவற்றை வைத்து நீங்கள் போகிற தூரம்தான் அதிகமாகப் படுகிறது.

ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் உள்ள விகிதம் 1.03 என்று போட்டு, அது 0.84-லிருந்து 1.27 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஸ்பைனலால் ஆறில் ஒரு பங்கு நன்மை இருந்தாலும் இந்த ஆய்வுக்குள் அது அடங்கிவிடும், கால் பங்கு கெடுதல் இருந்தாலும் அடங்கிவிடும். "வித்தியாசம் தெரியவில்லை" என்பது வேறு, "வித்தியாசம் இல்லை" என்பது வேறு.

அப்புறம், ஸ்பைனல் சீட்டு விழுந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கடைசியில் முழு மயக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பைனல் போட்டவர்களிலும் பெரும்பாலோருக்குத் தூக்கத்துக்கான மருந்து கூடச் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். கலந்து போன இரண்டு குழம்பை ருசி பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, அது அமெரிக்கா. சத்தியமங்கலத்திலோ அந்தியூரிலோ இருபது கட்டில் மருத்துவமனையில், ராத்திரி வெண்டிலேட்டர் பார்க்க ஆள் இல்லாத இடத்தில், மூச்சைத் தானே விட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிற நோயாளிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தாராபுரத்து அண்ணா சொல்வதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாதுங்க.

தாராபுரத்துக்காரன் | சனி, இரவு 10:11

அம்முணி, நன்றி. எனக்குச் சொல்லத் தெரியாததைச் சொல்லிவிட்டீர்கள்.

பவானிக்கரை | சனி, இரவு 11:30

கேஸ் முடித்துவிட்டு இப்போதுதான் வந்தேன். அம்முணி, நல்ல கேள்வி. மூன்றாவதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். வசதி குறைந்த இடத்தில், ஆள் தயங்காமல் ஸ்பைனல் போடத் தெரிந்தவராக இருந்தால், நானும் ஸ்பைனல்தான் சொல்வேன்.

தூக்க மருந்து கலந்த குழம்பு என்றீர்கள். அதற்குப் பதில் சீனாவிலிருந்து வந்தது. 2022-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான ராகா ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேர். அங்கே மரக்க வைத்தவர்களுக்குத் தூக்க மருந்து ஒரு சொட்டுகூடத் தரவில்லை. ஏழு நாளில் டெலிரியம் வந்தது மரக்க வைத்தவர்களில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1. நீங்கள் கேட்ட சுத்தமான ஒப்பீடு அதுதான். அதிலும் ஸ்பைனல் ஜெயிக்கவில்லை.

சின்ன வித்தியாசம் எங்கோ ஒளிந்திருக்கலாம். இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அமுச்சியை மாற்றிப்போட்ட அளவுக்குப் பெரிய வித்தியாசம் என்றால் இந்த இரண்டு ஆய்விலும் தலை காட்டியிருக்கும்.

சென்னிமலை செல்வி | ஞாயிறு, காலை 6:15

நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எலும்பு வார்டில் 22 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். தாராபுரத்துத் தம்பியிடம் சில கேள்வி கேட்க வேண்டும், கோவித்துக்கொள்ள வேண்டாம் கண்ணு.

அமுச்சி விழுந்ததிலிருந்து ஆபரேஷன் டேபிளுக்குப் போகிற வரைக்கும் எத்தனை மணி நேரம்? அதுவரைக்கும் வலிக்கு என்ன கொடுத்தார்கள்? காது கேட்குமா, கண்ணாடி போடுவாரா, ஆபரேஷன் அன்று அதெல்லாம் எங்கே இருந்தது? ராத்திரி கூட யார் இருந்தார்கள்?

தாராபுரத்துக்காரன் | ஞாயிறு, காலை 8:02

அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமா ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் தோட்டத்துச் சாளையில் கட்டிலில் கிடந்தார். ஒன்றுக்குப் போகப் புரட்டினால் ஊரே கேட்கும்படி கத்துவார். அதற்குப் பயந்தே தண்ணி குடிக்க மாட்டேன் என்றார். மூன்றாம் நாள் கோயமுத்தூர். அங்கே எக்கோ, இதய டாக்டர், சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று இன்னும் இரண்டு நாள். மொத்தம் ஐந்து நாள். வலிக்கு ஊசி போட்டார்கள், டைக்ளோ என்று நினைக்கிறேன். கேட்டால்தான் போடுவார்கள். ஆபரேஷன் இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு தடவை பட்டினி போட்டார்கள்.

கண்ணாடி என் பையில் இருந்தது. தொலைந்துவிடும் என்று நான்தான் வாங்கி வைத்தேன். ஐசியுவுக்குள் எங்களை விடவில்லை.

சென்னிமலை செல்வி | ஞாயிறு, காலை 9:47

இதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தேன். உன்னைக் குத்திக் காட்ட இல்லை சாமி. எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள், பத்தையோடு.

ஒடிந்த இடுப்போடு கிடக்கிற ஒரு பெரியம்மாவுக்குப் பெட்ஷீட் மாற்றுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே மட்டமாகத் தூக்கினாலும் எலும்பு நுனி உள்ளே உரசும். முதலில் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். அப்புறம் நம் முழங்கையைப் பிடிப்பார்கள், விடவே மாட்டார்கள். டூட்டி முடிந்து வளையலைக் கழற்றினால் விரல் தடம் அப்படியே இருக்கும். அந்த வலியோடு ஐந்து ராத்திரி தூங்காமல், வயிறு காலியாக, தொண்டை வறண்டு, கண்ணாடி இல்லாமல், தெரியாத முகங்களுக்கு நடுவே கிடந்தால் எனக்கும் உங்களுக்குமே புத்தி தடுமாறும். 81 வயசு மூளை எத்தனை தாங்கும்?

போன வருஷம் வெள்ளியம்பாளையம் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். எங்கள் மயக்க மருத்துவர் கேஷுவாலிட்டியிலேயே ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, தொடையிடுக்குக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஊசி போட்டார். நரம்பு மரத்துப்போக இருபது நிமிஷம். அதுவரை கூரையையே பார்த்துக்கொண்டு யாரிடமும் பேசாத பாட்டி, என் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, நீ சாப்பிட்டயா?" என்று கேட்டார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். இருபது வருஷமாக எத்தனை பேரை அந்த ஊசி இல்லாமல் புரட்டியிருக்கிறேன் என்ற நினைப்பு வந்துவிட்டது.

நீங்கள் எல்லோரும் ஆபரேஷன் நடக்கிற இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். அதற்கு முன்னால் கிடந்த ஐந்து நாளைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

பவானிக்கரை | ஞாயிறு, காலை 11:05

செல்வி அக்கா, என் தவறு. நான் முதல் பதிலிலேயே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அவர் சொன்ன ஊசிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற கோக்ரேன் குழு இந்த நரம்பு மரப்பு ஊசியைப் பற்றிய 49 ஆய்வுகளை, 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் அசைக்கும்போது வருகிற வலி நன்றாகக் குறைகிறது. 12 பேருக்குப் போட்டால் ஒருவருக்கு டெலிரியம் வராமல் தடுக்கலாம். எழுந்து நடப்பது சுமார் 11 மணி நேரம் முன்னதாக நடக்கிறது. ஸ்பைனலா முழு மயக்கமா என்ற சண்டையில் இப்படி ஒரு பலனை யாருமே காட்டவில்லை.

சீக்கிரம் ஆபரேஷன் செய்வதற்கும் ஆய்வு இருக்கிறது. ஹிப் அட்டாக் என்று பெயர், 2020 லான்செட், 17 நாடுகள், 2,970 பேர். முறிவு உறுதியான பிறகு சராசரியாக 6 மணி நேரத்தில் செய்தவர்களையும் 24 மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். உயிரிழப்பு சீக்கிரம் செய்தவர்களில் 9 சதவீதம், மற்றவர்களில் 10, பெரிய வித்தியாசம் இல்லை. டெலிரியம் 12 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. அதிலே தாமதம் என்று அவர்கள் சொல்வது ஒரு நாள். நம் ஊரில் ஐந்து நாள்.

மருந்துக்கடை பழனிச்சாமி | ஞாயிறு, பகல் 12:20

ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வலியை அடக்கு, வலியை அடக்கு என்கிறீர்கள். கிழவர்களுக்கு மார்ஃபின் மாதிரி மருந்து கொடுத்தால்தான் புத்தி பேதலிக்கும். டிராமடால் மாத்திரையைத் தின்றுவிட்டுத் தலை சுற்றி விழுந்தவர்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன். 2018-ல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்ததே சரியான காரியம். டைக்ளோ போட்டால் வயிறு கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்.

பவானிக்கரை | ஞாயிறு, பகல் 1:02

பழனிச்சாமியண்ணா, எண்பது வயசில், தண்ணி குடிக்காமல் கிடக்கிறவருக்கு டைக்ளோ போட்டால் அடி விழுவது சிறுநீரகத்தில். பிரிட்டனின் வழிகாட்டுதல் 2011-லேயே இடுப்பெலும்பு முறிவுக்கு இந்த வகை மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பாராசிட்டமாலை ஆறு மணிக்கொரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடு, போதாவிட்டால் மார்ஃபின் வகை, அதோடு நரம்பு ஊசி என்கிறது. கடையில் எதையும் தருகிறபோது வயசைக் கேளுங்கள், அது பெரிய உதவி.

மார்ஃபின் புத்தியைக் கெடுக்கும் என்ற பயம் எனக்கும் இருந்தது. நியூயார்க்கில் 541 இடுப்பெலும்பு நோயாளிகளைப் பார்த்து 2003-ல் எழுதினார்கள். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கும் குறைவான அளவு வலி மருந்து கிடைத்தவர்களுக்குத்தான் டெலிரியம் பல மடங்கு அதிகம். புத்தி தெளிவாக இருந்தவர்களில், வலியோடு விடப்பட்டவர்களுக்கு ஒன்பது மடங்கு. அதே ஆய்வில் பெத்திடின் என்ற மார்ஃபின் வகை மருந்து கெடுதல் செய்தது, அதனால் மருந்தைத் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். 2014-ல் சட்டத்தைத் திருத்தி மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கி வைப்பதை எளிதாக்கிய பிறகும், பல இடங்களில் அலமாரியில் அது இல்லை. வலி தாங்குவது பெரிய குணம் என்று நாம் நினைப்பதும் அதற்கு ஒரு காரணம்.

மருந்துக்கடை பழனிச்சாமி | ஞாயிறு, பகல் 1:30

வயசு கேட்பதை ஒத்துக்கொள்கிறேன். மார்ஃபினை வீட்டில் கொடுக்கிற காலம் வந்தால் நான் எதிர்ப்பேன்.

கோபி அம்முணி | ஞாயிறு, மாலை 4:40

541 பேர் ஆய்வு குலுக்கிப் பிரித்தது இல்லை சார். ஏற்கெனவே குழம்பத் தொடங்கியவர்களுக்கு மருந்தைக் குறைத்திருக்கலாம், அதனால் எண் அப்படி வந்திருக்கலாம். ஒன்பது மடங்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோக்ரேன் கணக்கை நான் நம்புகிறேன்.

வெள்ளகோவில் மருமகன் | ஞாயிறு, மாலை 6:18

இங்கே பேசுவதை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கே தேவைப்படுகிறது. மாமனாருக்கு 79 வயது. ஐந்து மணிக்குக் கட்டுத்தரையில் கன்றுக்குட்டி இழுத்து விழுந்துவிட்டார். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. மச்சான் கட்டுக் கட்டப் போகலாம் என்கிறான். மாமாவுக்கு ஆறு மாதம் முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். என்ன கேட்க வேண்டும்? ஸ்பைனல் கேட்கவா?

சென்னிமலை செல்வி | ஞாயிறு, மாலை 6:21

கட்டுக்குப் போக வேண்டாம். 108-க்கு அடி.

பவானிக்கரை | ஞாயிறு, மாலை 6:24

காலை நேராக்கப் பார்க்காதீர்கள், இரண்டு தொடைக்கும் நடுவே தலையணை வைத்து அப்படியே தூக்குங்கள். எலும்பு டாக்டரும் மயக்க மருத்துவரும் இரவிலும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். மாத்திரைச் சீட்டையும் ஸ்டென்ட் வைத்த காகிதத்தையும் கையில் எடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டர் சொல்லட்டும்.

ஸ்பைனல் கேட்காதீர்கள். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு முதுகில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம், அதனால் 5 முதல் 7 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அத்தனை நாள் அவர் வலியோடு கிடப்பார். முழு மயக்கம் என்றால் காத்திருக்கத் தேவையில்லாமல் போகலாம். முடிவு அவரைத் தொட்டுப் பார்க்கிற டாக்டருடையது. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வலிக்கு நரம்பு ஊசி இப்போதே போட முடியுமா?"

தாராபுரத்துக்காரன் | ஞாயிறு, மாலை 6:50

வெள்ளகோவில்காரரே, டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். நேற்று நான் எழுதியதை வைத்து ஸ்பைனல் கேட்டு அடம் பிடிக்காதீர்கள், உங்கள் மாமாவுக்கு அது பொருந்தாது என்று புரிகிறது.

ஆனால் டாக்டர், ஒன்று சொல்லியாக வேண்டும். என் அமுச்சி ரத்தம் கட்டாத மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. ஸ்பைனலா முழு மயக்கமா என்று எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். இரண்டும் சமம் என்றால், அந்தச் சமமான இரண்டையும் எடுத்துச் சொல்லி எங்களைத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாமே? அதில் நான் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பவானிக்கரை | ஞாயிறு, இரவு 9:15

அதில் நீங்கள் சொல்வதுதான் சரி தம்பி. பிரிட்டன் வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது: இரண்டையும் விளக்கி, நோயாளியையே தேர்ந்தெடுக்க விடு என்று. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஐந்து நிமிஷம் கட்டிலோரம் உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலை. நாலு ஆஸ்பத்திரி ஓடுகிற எங்களில் பலர் அதைச் செய்வதில்லை. நானும் எல்லா நாளும் செய்ததில்லை.

பொள்ளாச்சி மணி | ஞாயிறு, இரவு 9:40

வீட்டுக்காரியிடம் பிசியோ விஷயத்தைச் சொன்னேன். ஊசியால்தான் என்று அவள் இன்னும் சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன்.

வெள்ளகோவில் மருமகன் | ஞாயிறு, இரவு 11:52

ஈரோட்டில் சேர்த்துவிட்டோம். நரம்பு ஊசி கேட்டேன், முதலில் டியூட்டி டாக்டர் புரியாமல் பார்த்தார், மயக்க மருத்துவரைப் போனில் கூப்பிட்டார். அவர் பத்தேகாலுக்கு வந்து போட்டார். எக்ஸ்ரேக்கு மேசை மாற்றியபோது கத்தியவர், இப்போது கால் கனமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். தூங்குகிறார். நாளை பகல் ஆபரேஷன், முழு மயக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள், இதய டாக்டரும் பார்த்தார். கட்டிச் சாப்பாடு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வேண்டாம், தண்ணி ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்று நேரம் போட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

மச்சானுக்கு என்மேல் கோபம். பேசாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

சென்னிமலை செல்வி | ஞாயிறு, இரவு 11:58

நல்லது. ஆபரேஷன் முடிந்ததும் ஜன்னல் பக்கக் கட்டில் கேள். கடிகாரம் கண்ணில் படட்டும். இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர், யார் வந்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இரு. ராத்திரி விளக்கை அணைக்கச் சொல், பகலில் தூங்க விடாதே. மறுநாளே பிசியோ வந்து உட்கார வைப்பார்கள், வேண்டாம் என்று தடுக்காதே. 1999-ல் அமெரிக்காவில் 852 முதியவர்களிடம் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காரியங்களை மட்டும் செய்து பார்த்தார்கள், டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். அதற்கு மருந்தும் தேவையில்லை, மெஷினும் தேவையில்லை, நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் போதும்.

மாமா கண்ணாடி போடுவாரா? காது?

வெள்ளகோவில் மருமகன் | திங்கள், அதிகாலை 12:06

கண்ணாடி என் சட்டைப் பையில் இருக்கிறதுங்க அக்கா, விடிந்ததும் போட்டுவிடுகிறேன். காது மெஷின் வீட்டிலேயே இருக்கிறது, சாமி ரூம் அலமாரியில். மச்சானிடம் சொன்னேன். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.